தோசைப் படத்தை வெட்டிப் பின்னம் சொல்லித்தருவது: முழுமையான வழிகாட்டி

மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லித்தர உட்காரும் பெரியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். ஒரு வட்டம் வரைந்து, நான்காகக் கோடு போட்டு, ஒன்றுக்கு வண்ணம் அடித்து, பக்கத்தில் 1/4 என்று எழுதிவிடுகிறார்கள். பிள்ளையும் அடுத்த படத்தைப் பார்த்து, "கலர் ஒண்ணு, கட்டம் நாலு" என்று எண்ணி 1/4 எழுதிவிடும். விடை சரி. ஆனால் பிள்ளை துண்டுகளை எண்ணியதே தவிர அளவைப் பார்க்கவில்லை. கோடு கோணலாகப் போய் ஒரு துண்டு பெருத்திருந்தாலும் அதே 1/4ஐத்தான் எழுதும்.

அதனால் இந்த முறையில் வண்ணம் தீட்டும் வேலையே கிடையாது. முதலில் வெட்டி அடுக்கிப் பார்ப்பது, பிறகு வாயால் சொல்வது, அதற்கும் பிறகுதான் எண்ணால் எழுதுவது. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். நாளுக்கு 20 முதல் 25 நிமிடம் வைத்தால் இரண்டு வாரம் பிடிக்கும்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

பிள்ளைக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, 20 வரை தடுமாறாமல் எண்ணுவது. மற்றது, 12 புளியங்கொட்டையைக் கொடுத்தால் மூன்று பேருக்கும் நான்கு பேருக்கும் சமமாகப் பங்கு வைப்பது. இரண்டாவது வராவிட்டால் பின்னத்தைத் தள்ளிவைத்து, நான்கு நாள் பங்கு வைக்கும் விளையாட்டு மட்டும் விளையாடுங்கள். பின்னம் அதன் மேல்தான் நிற்கிறது.

பொருட்கள்: கத்தரிக்கோல், காம்பஸ், அடிக்கோல், ஏ4 தாள் ஒரு பத்து, பழைய தினசரி காலண்டர் அட்டை அல்லது கல்யாணப் பத்திரிகை அட்டை. தாள் மடிப்பதற்கு, அட்டை வெட்டி அடுக்குவதற்கு. அட்டையை மடித்தால் மடிப்பு தடித்துக் கோடு விலகிவிடும். அதனால் இரண்டும் வேண்டும்.

வெட்டிவைக்க வேண்டியவை:

- 12 செ.மீ. விட்டமுள்ள தாள் வட்டங்கள் 6
- அதே அளவில் அட்டை வட்டங்கள் 8
- 16 செ.மீ. அட்டை வட்டம் ஒன்று, 8 செ.மீ. வட்டம் ஒன்று
- 12 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலத்தில் செவ்வக அட்டைகள் 4
- 3 செ.மீ. சிறு வட்டங்கள் 12

12 செ.மீ. வட்டங்கள் எல்லாம் இம்மி பிசகாமல் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்றை வெட்டி, அதையே அச்சாக வைத்து மற்றவற்றை வரையுங்கள். ஒன்று அரை செ.மீ. பெரிதாகிப்போனால், ஒன்பதாம் பகுதியில் துண்டுகளை அடுக்கும்போது பொருந்தாமல் பிள்ளை குழம்பும்.

2. எந்தப் பண்டத்தை வரைவது

இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பிள்ளைக்குப் பிடித்த பண்டம் எல்லாம் பின்னத்துக்கு ஏற்ற பண்டம் அல்ல.

வட்டத்துக்குக் கல்தோசை அல்லது போளி. செவ்வகத்துக்குக் கடலை மிட்டாய்ப் பாளம் அல்லது மைசூர்பாகு. எண்ணிக்கைக்கு இட்லி. இந்த மூன்றும் போதும்.

மதுரையில் கறிதோசை என்றால் பிள்ளைகள் துள்ளுவார்கள்தான். ஆனாலும் அதை வரையாதீர்கள். மேலே கிடக்கும் கறித்துண்டுகள் கண்ணை இழுத்துவிடும். எந்தத் துண்டில் கறி அதிகமோ அதுதான் பெரிய பங்கு என்று பிள்ளை சாதிக்கும். பிள்ளையின் நியாயம் அதுதான். கடையில் அது சரியான நியாயமும்கூட. பாடப் பயிற்சித் தாள்களில் வரும் பீட்சா படத்துக்கும் இதே குறை உண்டு.

உளுந்துவடை வேண்டாம்: நடுவில் ஓட்டை இருப்பதால் மையம் எங்கே என்று பிள்ளைக்குத் தெரியாது. வாழைப்பழம் ஒரு முனையில் மெலியும், நடுவில் வெட்டினாலும் பாதியாகாது. ஆரஞ்சுச் சுளைகள் ஒன்றுபோல் இரா, எண்ணிக்கையும் பழத்துக்குப் பழம் மாறும். ஜிகர்தண்டா கிளாஸை வரைந்து "பாதி கிளாஸ்" காட்டுவது இன்னும் மோசம். மேலே அகன்று கீழே குறுகும் கிளாஸில் பாதி உயரம் நிறைந்தால் அது பாதி அளவைவிடக் குறைவுதான். தவறான படத்தை வைத்துச் சரியான சொல்லைச் சொல்லித்தந்ததாக ஆகிவிடும்.

துண்டுகளுக்கு வெவ்வேறு நிறம் கொடுக்க வேண்டாம். பாதி சிவப்பு, கால் பச்சை என்று செய்துவைத்தால் இரண்டாம் நாளே "பச்சைன்னா கால்" என்று மனப்பாடம் ஆகிவிடும். எல்லாம் தோசை நிறத்திலேயே இருக்கட்டும். துண்டின் பின்பக்கம் 1/4 என்று எழுதிவைப்பதும் கூடாது. பிள்ளை எழுத்தைப் படிக்கும், துண்டைப் பார்க்காது.

3. சமமா, சமமில்லையா

முதல் நாள் பின்னம் என்ற சொல்லே வாயில் வர வேண்டாம். பத்துச் சீட்டுகள் வரைந்துகொள்ளுங்கள். ஐந்தில் தோசையோ மிட்டாயோ சமமாக வெட்டியிருக்க வேண்டும். ஐந்தில் ஏறுக்குமாறாக. பிள்ளை இரண்டு குவியலாகப் பிரிக்கட்டும்.

ஏறுக்குமாறான சீட்டில் வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டியதில்லை. மையத்தை விட்டு ஒரு விரற்கடை தள்ளி வெட்டிய தோசை ஒன்று இருக்கட்டும். சந்தேகம் வந்தால் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். "அடுக்கிப் பார்" என்ற பழக்கம் இங்கேதான் தொடங்க வேண்டும். பின்னால் எல்லாச் சண்டையையும் அதுதான் தீர்க்கும்.

வீட்டுப் பேச்சில் 'பாதி' தளர்வான சொல். "எனக்குப் பெரிய பாதி, தம்பிக்குச் சின்ன பாதி" என்று பிள்ளைகள் சொல்வார்கள், நாமும் சிரித்துக்கொண்டே கேட்போம். இந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் அந்தப் பேச்சைத் திருத்துங்கள். பெரிய பாதி என்று ஒன்று இல்லை. பெரிதாக இருந்தால் அது பாதியே இல்லை.

4. பாதி, கால், அரைக்கால்

தாள் வட்டத்தை ஒரு தடவை மடித்தால் பாதி. விரிக்காமல் இன்னொரு தடவை மடித்தால் கால். மூன்றாம் தடவை மடித்தால் அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்திவிட்டு விரித்து, கோட்டின் மேல் பென்சிலால் இழுக்கச் சொல்லுங்கள். பிறகு அதே கோடுகளை அட்டை வட்டங்களில் போட்டு வெட்டச் சொல்லுங்கள்: ஒன்று இரண்டாக, ஒன்று நான்காக, ஒன்று எட்டாக. ஒரு வட்டம் வெட்டாமல் முழுதாக இருக்கட்டும்.

மூன்றில் ஒன்றைவிட இந்தக் குடும்பத்தை முதலில் எடுப்பதற்குக் காரணம் மடிப்பு எளிது என்பது மட்டுமல்ல, தமிழில் இவற்றுக்குப் புழங்கு சொல் இருக்கிறது என்பதும்தான். அண்ணா நகர் உழவர் சந்தைக்கு அம்மாவோடு போகும் பிள்ளைக்குக் கால் கிலோ, அரைக் கிலோ, முக்கால் கிலோ காதில் விழுந்த சொற்கள். முக்கால் என்ற சொல்லுக்குள்ளேயே மூன்று கால் இருக்கிறது. நான்கு கால் துண்டுகளை முழு வட்டத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்து, "கால்... அரை... முக்கால்... முழுசு" என்று வாய்விட்டுச் சொல்லவையுங்கள். அரைக்காலை விளக்கவே வேண்டாம்: கால் துண்டில் அரை.

இங்கே கட்டாயம் வரும் பிழை ஒன்று: எட்டு நாலைவிடப் பெரிது, ஆகவே எட்டில் ஒன்று நான்கில் ஒன்றைவிடப் பெரிது. அதைத் "தப்பு" என்று சொல்லித் திருத்த முடியாது. இப்படிக் கேளுங்கள்:

"இந்தத் தோசைய நாலு பேரு பங்கு வச்சுக்கிட்டா உனக்கு எவ்வளவு வரும்?"

"இவ்வளவு."

"எட்டுப் பேரு வந்துட்டா?"

துண்டுகளைக் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். ஆள் கூடக் கூடப் பங்கு குறையும் என்பது பந்தியில் உட்கார்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அதை அதன் வாயாலேயே சொன்னால்தான் நிற்கும்.

செவ்வகத்தில் பாதியை மூன்று விதமாக வெட்டவையுங்கள்: நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை. மூலைவாட்டில் வெட்டிய முக்கோணத்தை நேரே வெட்டிய பாதியின் மேல் வைத்தால் பொருந்தாது. நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கி, காலியான இடத்தில் வைத்தால் சரியாக மூடும். வடிவம் வேறானாலும் பங்கு ஒன்றாக இருக்கலாம் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

5. மூன்றாகப் பிரிப்பது

வட்டத்தை மூன்றாக்கு என்றால் பிள்ளை இரண்டு நேர்கோடு போட்டு மூன்று பட்டையாக வெட்டும். பெரியவர்களும் அவசரத்தில் அப்படித்தான் வெட்டுகிறார்கள். அதைத் தடுக்காமல் வெட்ட விடுங்கள். 12 செ.மீ. வட்டத்தை 4 செ.மீ. அகலமுள்ள மூன்று பட்டையாக வெட்டினால், நூறு பங்கில் நடுப்பட்டைக்கு ஏறக்குறைய 42 போகும், ஓரத்துப் பட்டைகளுக்குத் தலைக்கு 29தான். ஓரப்பட்டையை எடுத்து நடுப்பட்டையின் மேல் நேர் விளிம்பு பொருந்த வையுங்கள். நடுப்பட்டையின் இரண்டு மூலைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பட்டை அகலம் ஒன்றாக இருந்தால் பங்கும் ஒன்று என்ற எண்ணம் அந்த இரண்டு மூலைகளில் உடையும்.

சரியான முறை: காம்பஸை வட்டம் வரைந்த அதே 6 செ.மீ. அகலத்தில் வைத்து, விளிம்பில் ஓரிடத்தில் முள்ளை ஊன்றி அடுத்த புள்ளி குறிக்கவும். அங்கே ஊன்றி அதற்கடுத்தது. சுற்றிவந்தால் சரியாக ஆறு புள்ளி விழும். ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று புள்ளிகளை மையத்தோடு சேர்த்தால் மூன்று பங்கு. ஆறையும் சேர்த்தால் ஆறு பங்கு. அகலம் ஒரு மி.மீ. மாறினாலும் ஆறாம் புள்ளியிலிருந்து தொடங்கிய இடத்துக்குச் சரியாக வந்து சேராது. அதனால் காம்பஸ் திருகை இறுக்கிக்கொள்ளுங்கள்.

காம்பஸ் இல்லையென்றால் டப்பா மூடியைச் சுற்றி நூல் வைத்து அறுத்து, அந்த நூலை மூன்றாக மடித்து, மடிப்பு வந்த இடங்களை விளிம்பில் குறிக்கலாம். மையத்துக்குத் தாளை இரண்டு தடவை மடித்தால் போதும்.

மூன்றில் ஒன்றுக்குக் கால், அரை மாதிரி நாக்கில் புரளும் சொல் இல்லை. 'மூன்றில் ஒரு பங்கு' என்றே சொல்லவையுங்கள். அடுத்த படிக்கு அதுவே வழி.

6. எண்ணால் எழுதுவது

ஐந்தாம் நாளுக்கு முன் இதைத் தொடாதீர்கள்.

தமிழில் "நான்கில் மூன்று" என்கிறோம். நான்கு முதலில் வருகிறது. எழுத்திலோ 3 மேலே, 4 கீழே. காதில் கேட்ட வரிசையில் மேலிருந்து எழுதும் பிள்ளை 4/3 என்று எழுதும். அது கவனக்குறைவு இல்லை, கேட்டதை உண்மையாக எழுதியிருக்கிறது. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை பள்ளியில் "த்ரீ பை ஃபோர்" என்று தலைகீழ் வரிசையில் கேட்டுவிட்டு வீட்டில் "நான்கில் மூன்று" கேட்கும்போது குழப்பம் இரட்டிப்பாகும்.

தீர்வு, எழுதும் வரிசையை மாற்றுவது. முதலில் கோடு போடு. "மொத்தம் எத்தனை துண்டாக வெட்டினோம்?" அதைக் கோட்டுக்குக் கீழே எழுது. "எத்தனை எடுத்தோம்?" அதை மேலே எழுது. கீழிருந்து மேலாக எழுதினால் "நான்கில் மூன்று" என்ற சொல்லும் கையும் ஒரே வரிசையில் போகும். முதல் இரண்டு வாரத்துக்கு இந்த ஒரு வாசிப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தொகுதி, பகுதி என்ற சொற்களை இன்னும் சில நாள் தள்ளிப்போடலாம். பேச்சில் பகுதி என்றால் ஒரு துண்டு என்று பொருள்; கணக்கிலோ அது கீழே உள்ள எண். "பகுதி எத்தனை?" என்று கேட்டால் எடுத்த துண்டைத்தான் பிள்ளை காட்டும். சொல்லித்தரும் நாளில் வேரைச் சேர்த்துச் சொல்லுங்கள்: பகுத்தது பகுதி, எடுத்துத் தொகுத்தது தொகுதி. மறக்காது.

7. எடுத்ததையும் மிச்சத்தையும் குழப்பிக்கொள்வது

நான்கு துண்டில் மூன்றை எடுத்துவிட்டு எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் 3/1 என்று எழுதும். எடுத்தது மூன்று, மிச்சம் ஒன்று. மொத்தம் அதன் கண்ணில் இல்லை, ஏனென்றால் துண்டுகளை நகர்த்தியதும் தோசை கலைந்துவிட்டது.

அதனால் வெட்டாத முழு வட்டம் ஒன்று எப்போதும் அடியில் தட்டுபோல் இருக்க வேண்டும். எடுத்த துண்டுகளை அதன் மேல் வையுங்கள். காலியாகத் தெரியும் இடமும் தோசையில் சேர்ந்ததே என்று பிள்ளைக்குத் தெரியும்.

இரண்டு துண்டு எடுக்கும்போது பக்கத்தில் பக்கத்தில் உள்ளதையே எடுக்காமல் எதிரெதிராகவும் எடுங்கள். ஒட்டி இருந்தால்தான் பாதி என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு.

8. எந்த முழுசில் பாதி?

16 செ.மீ. வட்டத்தையும் 8 செ.மீ. வட்டத்தையும் பாதியாக வெட்டி இரண்டு பாதிகளைக் காட்டுங்கள். "ரெண்டும் பாதிதானே, எது வேணும்?" பெரியதைத்தான் எடுக்கும். ஏன் என்று கேளுங்கள்.

மேல் வகுப்புப் பிள்ளையாக இருந்தால் இன்னொன்றும் காட்டலாம். பெரிய தோசையில் கால் துண்டையும், சின்னத் தோசை முழுவதையும் 1 செ.மீ. கட்டம் போட்ட தாளில் வைத்து வரைந்து, கட்டங்களை எண்ணட்டும். இரண்டுக்கும் ஏறக்குறைய 50 கட்டம் வரும். கால் என்பது முழுசைவிட எப்போதும் சின்னது என்று நினைத்திருந்த பிள்ளை, "எதில் கால்?" என்று கேட்கத் தொடங்கும்.

9. ஒரே அளவு, பல பெயர்

பாதித் துண்டின் மேல் இரண்டு கால், அதன் மேல் நான்கு அரைக்கால். மூன்றும் விளிம்பு பிசகாமல் பொருந்தினால் 1/2, 2/4, 4/8 மூன்றும் ஒன்றே. பெருக்கல் விதியை இப்போது சொல்ல வேண்டாம்.

அடுத்தது கடலை மிட்டாய். 12க்கு 9 செ.மீ. அட்டையில் 3 செ.மீ. கட்டம் போட்டால் 12 வில்லை. இந்த அளவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: 12 இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் ஆறாகவும் மீதியின்றிப் பிரியும். மூன்று பேருக்கு என்றால் தலைக்கு 4 வில்லை, ஆக 1/3ம் 4/12ம் ஒன்று. நான்கு பேருக்கு 3 வில்லை, 1/4ம் 3/12ம் ஒன்று. பத்து வில்லைப் பாளம் வரைந்துவிட்டு மூன்றில் ஒன்று கேட்கும் தவறு நடக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டு வரையுங்கள்.

10. இட்லிக் கணக்கு

12 இட்லியில் கால் பங்கு எவ்வளவு? "நாலு" என்று வரும். கீழே உள்ள 4ஐப் பார்த்த விடை அது. நான்கு தட்டு வரைந்து, ஒவ்வொன்றாகச் சுற்றிப் பரிமாறச் சொல்லுங்கள். ஒரு தட்டில் மூன்று விழும். ஒரு தட்டு கால் பங்கு, மூன்று தட்டு முக்கால் பங்கு. முதலில் சொன்ன புளியங்கொட்டை விளையாட்டு இதுவேதான் என்பதால், அது தெரிந்த பிள்ளைக்கு இந்தப் படி ஒரே நாளில் முடியும்.

11. ஒன்றுக்கு மேலே போகும்போது

இரண்டு தோசை, ஒவ்வொன்றும் நான்கு துண்டு. ஐந்து துண்டு எடுத்தாயிற்று. எழுதச் சொன்னால் நன்றாகப் படிக்கும் பிள்ளையும் 5/8 என்று எழுதும்: கண் முன்னால் எட்டுத் துண்டு இருக்கிறதே!

எண்ணை விட்டுவிட்டுப் பேச்சுக்கு வாருங்கள். "எத்தனை தோசை சாப்பிட்ட?" "ஒண்ணேகால்." இப்போது 5/8ஐ முழுத் தோசையின் மேல் அரைக்கால் துண்டுகளால் அடுக்கச் சொல்லுங்கள். ஒரு தோசைகூட நிறையவில்லை. ஒண்ணேகால் எப்படி ஒரு தோசைக்குக் குறையும்? கீழே வரும் எண், ஒரு முழுசை எத்தனையாக வெட்டினோம் என்பதே. எத்தனை தோசை வந்தாலும் அது மாறாது. 5/4, ஒன்றேகால், 1 1/4 மூன்றையும் ஒரே சீட்டில் எழுதிவையுங்கள்.

12. கூட்டல்

ஒரே அளவுத் துண்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1/4 + 1/4 = 2/8 என்று மேலும் கீழும் கூட்டும் பிழை வரும்போது, இரண்டு அரைக்கால் துண்டை எடுத்துக் கால் துண்டின் மேல் வைக்கச் சொல்லுங்கள். சரியாக மூடும். அதாவது காலோடு காலைக் கூட்டியும் கால்தான் வந்திருக்கிறது. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

1/2 + 1/3 போன்றவற்றை வேறொரு வாரத்துக்கு வைக்கலாம்.

13. புரிந்ததா என்று பார்ப்பது

வண்ணம் தீட்டிய படத்தைக் காட்டி விடை கேட்பதால் எதுவும் தெரியாது. ஒரு தோசை வரையுங்கள். நடுவில் ஒரு கோடு. ஒரு பாதியில் மட்டும் குறுக்கே இன்னொரு கோடு. இப்போது ஒரு பெரிய துண்டு, இரண்டு சின்னத் துண்டு. சின்னத் துண்டு ஒன்றைக் காட்டி, "இது தோசையில எத்தன பங்கு?" என்று கேளுங்கள்.

"கால்" என்று சொன்னால் பிள்ளை அளவைப் பார்க்கிறது. "மூன்றில் ஒன்று" என்றால் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் திட்டாமல் கால் துண்டை எடுத்துக் கையில் கொடுங்கள், படத்தின் மேல் வைத்துப் பார்க்கட்டும். மறுநாள் மூன்றாம் பகுதியின் சீட்டுகளிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். இந்த முறை இரண்டு நாளில் இங்கே வந்துவிடலாம்.